கோழிக்குத் தெரியாத நரி

ரோசி என்றொரு கோழி. பண்ணையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. குளம், வைக்கோல் போர், மாவு ஆலை, தேனீப் பெட்டிகள் எல்லாம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூண்டுக்குத் திரும்பிவிடுகிறது. கதை அவ்வளவுதான். பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-இல் வெளிவந்த 'ரோசீஸ் வாக்' என்ற இந்த ஆங்கிலப் புத்தகத்தில் மொத்தம் 32 சொற்கள்; எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம். எழுத்தை மட்டும் வாசித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

படத்தில் ஓடுவது இன்னொரு கதை. கோழியின் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. பாய்கிற ஒவ்வொரு முறையும் அது மாட்டிக்கொள்கிறது. தோட்ட வாரியை மிதிக்க, அதன் காம்பு எழும்பி மூக்கில் அடிக்கிறது. அடுத்த பாய்ச்சலில் குளத்துக்குள் விழுகிறது. ஆலைக்குப் பக்கத்தில் மாவு முழுக்க அதன் தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'நரி' என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது.

இந்தப் புத்தகத்தை நான்கு வயதுப் பிள்ளைகள் நடுவில் விரித்தால் ஆசிரியர் வாசிப்பது யார் காதிலும் ஏறாது. "மிஸ், பின்னாடி நரி!" என்று ஒரு குரல் எழும்பும். "கோழிக்குத் தெரியல மிஸ்!" என்று இன்னொன்று. எழுத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற தவிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. வாக்கியம் பிறப்பது அந்தத் தவிப்பில்தான். படப்புத்தகம் மொழியை வளர்க்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதன் கரு இது: நாம் வாசித்துக் காட்டுவதால் வளர்வதைவிட, பிள்ளையைப் பேசவைப்பதால் வளர்வது அதிகம்.

இதைச் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரும் சகாக்களும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 21 முதல் 35 மாதம் வரையிலான குழந்தைகளின் பெற்றோர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவினருமே வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுபவர்கள். ஒரு குழுவினருக்கு மட்டும் வாசிக்கும் முறையில் சிறு பயிற்சி கொடுத்தார்கள். நேரடியாக 'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்விகளைக் குறையுங்கள். 'என்ன, ஏன், எப்படி' என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதை எடுத்து, கொஞ்சம் கூட்டி, திருப்பிச் சொல்லுங்கள். பயிற்சி இவ்வளவுதான். வாசித்த அளவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பேச்சுத்திறனைச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஆறு முதல் எட்டரை மாத வளர்ச்சி முன்னால் இருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது இடைவெளி சற்றுக் குறைந்திருந்தது; மறையவில்லை.

சோதனையில் இருந்தவர்கள் முப்பது குடும்பம் அளவில்தான். வசதியான நடுத்தர வீடுகள் வேறு. அதனால் அந்த மாதக் கணக்கை அப்படியே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்துவது சரியல்ல. ஆனாலும், உரையாடல் வாசிப்பு என்று பின்னாளில் பெயர்பெற்ற இந்த முறை பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு, நிலைத்து நிற்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். நரி குளத்தில் விழும் பக்கம் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நரி விழுந்துச்சு."

"ஆமாடா, நரி குளத்துக்குள்ள தொபுக்கடீர்னு விழுந்துருச்சு. ஏன் விழுந்துச்சு?"

"கோழியப் புடிக்க."

"கோழியப் புடிக்கத் தாவுச்சு, கோழி அதுக்குள்ள நகந்துருச்சு, அதான் தண்ணிக்குள்ள போயி விழுந்துருச்சு. எங்க, நீ சொல்லு பாப்போம்?"

பிள்ளை கொடுத்தது இரண்டு சொல். அதில் எழுவாயும் வினையும் இருக்கின்றன. ஆசிரியர் இடத்தைச் சேர்த்தார், ஓசையைச் சேர்த்தார், பிறகு காரணத்தைக் கேட்டார். இரண்டாவது பதிலில் 'புடிக்க' என்று ஒரு வினையெச்சம் தானாக வந்தது. அதை வைத்து மூன்று செயல்களைக் காரண காரியமாக அடுக்கி ஒரு நீண்ட வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுத்தார். தான் இப்போதுதான் சொன்ன விஷயம் என்பதால் பிள்ளையின் கவனம் முழுக்க அங்கே இருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்த பகுதி மட்டுமே அதற்குப் பாடம். கடைசியில் "நீ சொல்லு" என்றதும் அது வாயிலும் ஏறுகிறது. தப்பைச் சுட்டிக் காட்டவே இல்லை என்பதையும் கவனியுங்கள். சரியான வடிவம் பதிலாகவே வந்துவிடுகிறது.

வயதுக்குத் தக்கபடி இந்தப் பேச்சு மாற வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த சுசானே மோல், அத்ரியானா புஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் கண்டது, இந்த முறையின் பலன் இரண்டு, மூன்று வயதில் அதிகமாகவும் நான்கு, ஐந்து வயதில் குறைவாகவும் தெரிகிறது என்பது. எனக்கு இதில் வியப்பில்லை. 'இது என்ன, அது என்ன' என்று பெயர் கேட்பது இரண்டு வயதுக்காரருக்குச் சவால். யு.கே.ஜி. பிள்ளைக்கு அது சலிப்பு. அந்த வயதில் கேட்க வேண்டியது படத்தில் இல்லாத கேள்விகள்: கோழிக்கு நரி வந்தது தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கும்? நாளைக்கும் நரி வருமா? உங்கள் தெருவில் நாய் துரத்தியபோது நீ என்ன செய்தாய்? அப்போதுதான் 'தெரிஞ்சிருந்தா ஓடியிருக்கும்' போன்ற நிபந்தனை வாக்கியம் தேவைப்படும். தேவைப்படாத இலக்கணம் பிள்ளையின் வாயில் வராது. அதோடு, இன்னொருவர் மனதில் என்ன இருக்கிறது, அவருக்கு எது தெரியாது என்று பிரித்தறியும் திறன் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் கூடிவருகிறது. கோழிக்குத் தெரியாத நரி அந்த வயதுக்கென்றே வைத்த விருந்து.

"ஒரே புத்தகத்தையே கேட்டு உயிரை வாங்குது" என்பது பெற்றோர்களின் பொதுப் புலம்பல். கேட்கட்டும், விடுங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா ஹார்ஸ்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது, மறுபாதிக்கு வேறு வேறு கதைகள். கற்பிக்க நினைத்த புதிய சொற்கள் இரு பக்கமும் அதே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்களே. முதல் தடவை பிள்ளையின் கவனம் 'என்ன ஆகப்போகிறது' என்பதில் போய்விடுகிறது. கதை தெரிந்த பிறகுதான் சொல்லைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கிறது.

அதே ஹார்ஸ்டும் சோயி ஃபிளாக்கும் 2018-இல் இன்னொன்று கண்டார்கள். விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கத்திலும் பெரிய படங்கள் இருந்தால் பிள்ளைகள் குறைவான சொற்களே கற்றார்கள். ஒரு நேரத்தில் ஒரு படம் என்றால் கூடுதலாகக் கற்றார்கள். எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தேடுவதிலேயே கவனம் சிதறுகிறது. பேசும் படம் எது என்று கையால் காட்டிவிட்டு வாசித்தாலே அந்தச் சிக்கல் தீர்ந்தது. இழுத்தால் ஆடும் வாலும் தடவினால் சொரசொரக்கும் தோலும் வைத்த விலை உயர்ந்த புத்தகங்களிலும் இதே வகைச் சிக்கல்தான். எழுத்துகளைக் கற்பிப்பதில், இழுப்பும் மடிப்பும் வைத்த புத்தகத்தைவிடச் சாதாரணப் புத்தகமே பலன் தந்ததாக சிந்தியா சியாங்கும் ஜூடி டிலோச்சும் 2012-இல் காட்டினார்கள். புத்தகக் காட்சியில் கையைக் கடிக்கும் விலையைப் பார்த்துத் தயங்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி.

யூடியூபில் கதை போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ஹட்டன் குழுவினர் நான்கு வயதை ஒட்டிய 27 குழந்தைகளை மூளைப் படமெடுக்கும் கருவியில் படுக்கவைத்து, கதையை மூன்று விதமாகத் தந்து பார்த்தார்கள்: குரல் மட்டும், குரலோடு அசையாத படம், குரலோடு அசையும் கார்ட்டூன். மொழிக்கான பகுதிகளும் காட்சிக்கும் கற்பனைக்குமான பகுதிகளும் ஒன்றோடொன்று நன்றாகத் தொடர்புகொண்டது அசையாத படத்தின்போதுதான். கார்ட்டூனில் அந்தத் தொடர்பு தளர்ந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் புரிகிறது. அசையாத படத்தில் நரி பாய்ந்த கணமும் விழுந்த கணமும் மட்டும் இருக்கும். இடையில் நடந்ததை இட்டு நிரப்புவது பிள்ளையின் வேலை. கார்ட்டூன் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. தவிர, திரை "ஏன்டா விழுந்துச்சு?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழ்ப் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒரு தேவை இருக்கிறது. அதைப் பற்றி நம்மிடையே போதுமான பேச்சு இல்லை.

தமிழ் இரட்டை வழக்கு மொழி. பிள்ளை வீட்டில் கேட்பதும் பேசுவதும் 'பூனை ஓடிப்போச்சு'. பாடப்புத்தகம் சொல்வது 'பூனை ஓடிவிட்டது'. 'வந்தாங்க' என்பது 'வந்தார்கள்' ஆகிறது, 'வீட்டுல' என்பது 'வீட்டில்' ஆகிறது, 'ஒக்காந்து' என்பது 'உட்கார்ந்து' ஆகிறது. பெரியவர்கள் நாம் இரண்டுக்கும் இடையே யோசிக்காமல் தாவுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து வழக்கு பாதி அந்நிய மொழி. முதல் வகுப்பில் அது எழுத்து வடிவத்தோடும் போராட வேண்டும், காதில் விழுந்திராத சொல் வடிவத்தோடும் போராட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில்.

அரிச்சுவடியின் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். 'இ' என்றால் இலை. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் அது 'எல'. வாழை எல, வேப்பெல. 'இலை' என்று யாரும் பேசுவதில்லை. ஐந்தாவது எழுத்து 'உ', உரல். வீட்டில் 'ஒரல்'. பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடும். இடம் 'எடம்' ஆவதும் உடம்பு 'ஒடம்பு' ஆவதும் இப்படித்தான். இது கொச்சை அல்ல, பிசகாத ஒழுங்கு. ஆனால் 'இ' என்ற ஒலியைக் கற்பிக்க நாம் தேர்ந்தெடுத்திருக்கும் சொல், பிள்ளையின் வாயில் 'எ' என்று தொடங்கும் சொல். "இலை எதுல ஆரம்பிக்குது?" என்று கேட்டால் "எ" என்று சொல்லும் பிள்ளை காதைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறது. நாம்தான் அதைத் தப்பு என்கிறோம்.

இதே நெருக்கடி அரபு மொழிக்கும் உண்டு. பேச்சு அரபியும் இலக்கிய அரபியும் நம்முடையதைப் போலவே விலகி நிற்பவை. பேச்சு வழக்கில் இல்லாத ஒலிகளைத் தனியே பிரித்துக் கேட்பது மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கடினம் என்று எலினோர் சயேக்-ஹதாத் 2003 முதல் தொடர்ந்து காட்டிவருகிறார். சிறு பிள்ளைக்கு இலக்கிய அரபி புரியாது என்ற நம்பிக்கையில், ஆசிரியர்கள் கதையைப் பேச்சு வழக்குக்கு மாற்றியே சொல்வது அங்கே வழக்கமாக இருந்தது. இஸ்ரேலில் டினா ஃபைடெல்சன் குழுவினர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். அரபு மழலையர் வகுப்புகளில் ஐந்து மாதம், நாள்தோறும் கொஞ்ச நேரம், கதைகளை இலக்கிய அரபியிலேயே வாசிக்கவைத்தார்கள். 1993-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. கதை கேட்ட பிள்ளைகள் இலக்கிய அரபியில் கேட்டுப் புரிந்துகொள்வதில் மற்றவர்களை முந்தினார்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொன்னபோதும் அவர்களின் மொழி வளமாக இருந்தது.

எழுத்து வழக்கில் வாசிக்கும்போது பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது படம். நரியை எழுத்திலும் சொல்லும் ஒரு படக்கதையில், 'நரி குளத்தில் விழுந்தது' என்ற வாக்கியம் காதில் விழும்போதே நரி விழுவது கண்ணில் தெரிகிறது. வாக்கியத்தின் பொருள் பிள்ளைக்கு முன்கூட்டியே கையில் இருக்கிறது. மிச்சமிருப்பது 'விழுந்துச்சு' என்பதற்கு 'விழுந்தது' என்றும் ஒரு வடிவம் உண்டு என்பதைக் காது பழகிக்கொள்வது மட்டும்தான். பத்துத் தடவை அதே கதையைக் கேட்டால் அது தானாகப் பழகிவிடும்.

ஆகவே தமிழ் மழலையர் வகுப்புக்கு என் துணிபு இது: புத்தகத்தில் உள்ளதை எழுத்துத் தமிழில் உள்ளபடியே வாசியுங்கள். அதைப் பற்றிய பேச்சை முழுக்க வீட்டுத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும். எழுத்து வழக்கு காதுக்கு. பேச்சு வழக்கு வாய்க்கு. "நரி விழுந்துச்சு" என்ற பிள்ளையிடம் "விழுந்தது என்று சொல்" என்று திருத்தினால் அடுத்த பக்கத்தில் அது வாயைத் திறக்காது.

நம் வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. படப்புத்தகம் என்ற பெயரில் இருப்பது எழுத்துக்கு ஒரு படம் ஒட்டிய அட்டை. அ-வுக்கு அம்மா, அடுத்த கட்டத்தில் ஆடு. அந்த அம்மாவுக்கும் ஆட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கேட்க ஒரு 'ஏன்' இல்லை. 247 எழுத்தையும் எழுதி முடிக்கட்டும், அப்புறம் கதைப் புத்தகம் தரலாம் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. நம்மைப் போலவே உயிர்மெய் வரிசை கொண்ட கன்னடத்தை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று 2007-இல் எழுதினார். அதுவரை கதையை நிறுத்திவைத்தால் மொழி ஊறும் ஆண்டுகளே கழிந்துவிடும்.

எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. படப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எழுத்தும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. கனடாவில் மேரி ஆன் இவான்ஸும் ஜான் செயின்ட் ஓபனும் கண்ணசைவுக் கருவி வைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கதை கேட்கும் நான்கு வயதுப் பிள்ளைகளின் கண் படத்திலேயே இருந்தது. எழுத்துப் பக்கம் போனது மிக அரிது. எனவே தலைப்பின் மேல் விரலை ஓட்டுங்கள், பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்து பக்கத்தில் வந்தால் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் போனால் கதை செத்துவிடும்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உரையாடல் எப்படி என்று அங்கன்வாடிப் பணியாளர் கேட்டால் அது நியாயமான கேள்வி. வைட்ஹர்ஸ்ட் 1994-இல் ஏழைக் குடும்பக் குழந்தைகளின் காப்பகங்களில் இதைச் செய்தபோது, ஒரு குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்கவில்லை. காப்பகத்தோடு வீட்டிலும் வாசித்தபோது பலன் கூடியது. ஐந்து ஐந்தாகப் பிரித்து நாளுக்கு ஓரிரு குழுவோடு உட்கார்ந்தால் ஒரு பிள்ளையின் முறை வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். வரட்டும். அந்த ஒருநாளில் பிள்ளை பத்து வாக்கியம் பேசினால், நாற்பது பேரோடு சேர்ந்து கத்திய ஐந்து நாளைவிட அது மேல். மற்ற நாட்களுக்கு அதே புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்து "இது யாரு, எங்க போறாரு?" என்று கேட்க முடியும். நரியைப் பற்றிப் பேச எழுத்து தேவையில்லை என்பதை ஹட்சின்ஸின் புத்தகமே காட்டுகிறது.

புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் இருக்கிறது. சென்னையின் தூலிகா 1996-இல் தொடங்கியது. தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' குறைந்த விலையில் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புத்தகங்களும் ஓரளவு வந்து சேர்ந்திருக்கின்றன. பல இடங்களில் அவை கிழிந்துவிடுமே என்ற பயத்தில் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன.

உங்கள் பிள்ளை மழலையர் வகுப்பில் இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எத்தனை எழுத்து எழுதுகிறான் என்று கேட்பதற்கு முன், இந்த வாரம் எந்தப் படக்கதை வாசித்தீர்கள், அதில் என் பிள்ளை என்ன சொன்னான் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.